ஏபி லிட்டுக்கு முந்தைய கோடை: எதில் நேரத்தைப் போடுவது?

பதினொன்றாம் வகுப்பு முடிகிற ஜூன் மாதத்தில், அடுத்த ஆண்டு ஏபி இங்கிலிஷ் லிட்ரேச்சர் (சுருக்கமாக ஏபி லிட்; அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஆங்கில இலக்கியப் பாடம்) எடுக்கப்போகும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்: இந்தக் கோடையில் என்ன செய்வது? கால்குலஸுக்கோ கெமிஸ்ட்ரிக்கோ இந்தக் குழப்பம் வருவதில்லை. பாடப்புத்தகம் இருக்கிறது, முதல் இரண்டு அத்தியாயத்தை முன்கூட்டியே பார்த்து வைக்கலாம். லிட்டில் அந்த வசதி கிடையாது. ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு இந்தப் பாடத்துக்குக் கட்டாய நூல்பட்டியல் எதையும் வைக்கவில்லை. எந்த நாவல், எந்த நாடகம் என்பதை அந்தந்தப் பள்ளியும் ஆசிரியருமே முடிவு செய்கிறார்கள்.

பட்டியல் இல்லாத இடத்தில் யோசனைகளுக்குப் பஞ்சம் இருக்காது. "நாற்பது நாவல் பேர் போட்ட ஷீட் ஒன்று இருக்கிறது, குறைந்தது பத்து முடிக்கச் சொல்லுங்கள்" என்பார் ஒருவர். "கோச்சிங்கில் போட்டுவிடுங்கள், கவலை விட்டது" என்பார் இன்னொருவர். கலைச்சொற்களை ஃபிளாஷ் கார்டில் எழுதி மனப்பாடம் செய்தால் போதும் என்பவரும் உண்டு. பிள்ளையைக் கொஞ்சம் மூச்சுவிட விடுங்கள், செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்பவரும் உண்டு. அவரையும் தள்ளிவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடை என்பது கல்லூரி விண்ணப்பக் கோடையும்கூட. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1-ஆம் தேதி திறந்துவிடும். அந்தக் கட்டுரைகளே பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு, கிடைக்கிற நேரத்தில் பெரிய பங்கு கவிதைக்கும், படித்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பழகுவதற்கும் போக வேண்டும். நாவல் இரண்டு மூன்று போதும். இது ரசனை சார்ந்த பிடிவாதம் இல்லை. தேர்வின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

முதலில் அந்தக் கணக்கு

மே மாதம் நடக்கும் தேர்வு மொத்தம் 3 மணி நேரம். முதல் 1 மணி நேரத்தில் 55 மல்டிபிள் சாய்ஸ் கேள்விகள்; அதற்கு 45 சதவீத மதிப்பெண். ஐந்து பகுதிகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து கேட்பார்கள். அதில் குறைந்தது இரண்டு கதைப்பகுதி, குறைந்தது இரண்டு கவிதை. அடுத்த 2 மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள். அவற்றுக்கு 55 சதவீதம். முதல் கட்டுரை, கொடுக்கப்பட்ட ஒரு கவிதையைப் பற்றி. இரண்டாவது, 500 முதல் 700 சொற்கள் கொண்ட ஒரு கதைப்பகுதியைப் பற்றி. மூன்றாவதில் மட்டும்தான் மாணவர் தான் முன்பே படித்த ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறார்.

மூன்று கட்டுரைக்கும் சம மதிப்பு. ஆக, ஒரு கட்டுரை மொத்த மதிப்பெண்ணில் ஏறக்குறைய 18 சதவீதம். கோடை முழுக்க உட்கார்ந்து படிக்கிற நாவல்கள் நேரடியாக உதவுவது இந்த 18 சதவீதத்துக்குத்தான். மீதி 80 சதவீதத்துக்கு மேல், மாணவர் பெரும்பாலும் அதுவரை கண்ணால் பார்த்திராத பகுதிகளை அந்த இடத்திலேயே படித்துப் புரிந்துகொள்வதைப் பொறுத்தது.

கவிதையின் பங்கைத் தனியாகப் பிரித்தால் இன்னும் தெளிவாகும். மல்டிபிள் சாய்ஸ் பகுதியில் கவிதைக்கு 36 முதல் 45 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதோடு கவிதைக் கட்டுரையையும் சேர்த்தால், மொத்தத் தேர்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கவிதைதான். ஆனால் கோடையில் கவிதை படிக்கிற பிள்ளை எத்தனை பேர்? கையில் தடித்த நாவல் இருந்தால் பார்ப்பவருக்கும் திருப்தி, படிப்பவருக்கும் திருப்தி. பதினான்கு வரிக் கவிதையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் சும்மா இருக்கிறான் என்றுதான் தோன்றும்.

பெரிய பட்டியலா, மூன்று நூலா?

நாற்பது நூல் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மூன்றாவது கட்டுரைக் கேள்வியின் கீழே, பொருத்தமாக இருக்கக்கூடிய நாற்பது சொச்சம் நூல்களின் பெயரை அச்சிடுவது வழக்கம். பழைய கேள்வித்தாள்களிலிருந்து அந்தப் பெயர்களையெல்லாம் சேர்த்து, எந்த நூல் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, இணையத்தில் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் இவை அத்தனையும் சிலபஸ் போலத் தோன்றும். உண்மையில் அது வெறும் நினைவூட்டல். அந்தப் பட்டியலில் இல்லாத நூலைப் பற்றியும் தாராளமாக எழுதலாம். இலக்கியத் தரம் உள்ளதாக இருந்தால் சரி.

தேர்வுக் கூடத்தில் புத்தகம் கையில் இருக்காது. கேள்வி பொதுவாக ஒரு கருவைக் கொடுக்கும். ஒரு பாத்திரம் எதையோ மறைக்கிறது, அல்லது ஊரைவிட்டு விலகி நிற்கிறது, இது நூலின் முழுப் பொருளுக்கு எப்படி உதவுகிறது என்ற மாதிரி. கதைச்சுருக்கம் எழுதினால் மதிப்பெண் ஏறாது. குறிப்பான காட்சிகள், ஒருவர் சொன்ன சொல், ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருவது என்று நினைவிலிருந்து எடுத்து வைத்து வாதிட வேண்டும். ஜூலையில் வேகமாகப் புரட்டிய பத்து நாவல்களில் அடுத்த மே மாதம் மிஞ்சுவது பாத்திரங்களின் பெயரும் யார் செத்தார்கள் என்பதும்தான். அதை வைத்து 40 நிமிடம் எழுத முடியாது.

ஆகவே கொஞ்சமாகப் படித்து, இரண்டு முறை படிப்பதே என் தேர்வு. இங்கே நாடகத்துக்கு ஒரு தனி லாபம் இருக்கிறது. 'மக்பெத்' ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே குறுகியது. ஒரு வாரத்தில் மெதுவாகப் படித்து, நடிக்கப்பட்ட ஒரு வடிவத்தைப் பார்த்து, அடுத்த வாரம் மறுபடி படித்துவிடலாம். குற்றவுணர்வு, அதிகாரம், குடும்பம், விதி, பொய், வன்முறை என்று எந்தக் கருவைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு காட்சி கைகொடுக்கும். அதோடு 'ஃபிராங்கன்ஸ்டைன்' மாதிரி அளவில் சிறிய, ஆனால் வாதிட இடம் நிறைய உள்ள ஒரு நாவல். அப்புறம் இருபதாம் நூற்றாண்டிலிருந்து பிள்ளைக்குப் பிடித்த ஒன்று. இதில் பெற்றோர் தலையிடாமல் இருப்பது நல்லது. பிடிக்காத மகத்தான நாவலைவிட, பிடித்துப்போய் இரண்டாம் முறை படிக்கிற நல்ல நாவல் தேர்வில் அதிகம் உழைக்கும்.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் போதும். மறக்கக்கூடாத ஐந்தாறு காட்சிகள், ஒவ்வொன்றிலும் கண்ணில் படும் ஒரு சின்ன விவரம், ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் இடையே யாரிடம் என்ன மாறியது, நூல் விடை சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி. மேற்கோளாக நான்கைந்து சொற்றொடர் நினைவில் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

சுருக்கம் தரும் இணையதளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தடை போட்டால் பிள்ளைகள் ஒளித்துப் பார்ப்பார்கள். ஷேக்ஸ்பியருக்கு முன்னால் காட்சிச் சுருக்கத்தைப் படித்துவிட்டு உள்ளே போவதில் தப்பே இல்லை, மொழியோடு மல்லுக்கட்டும்போது கதையாவது கையில் இருக்கும். நாவலுக்குப் பதிலாக அதையே படிப்பதுதான் பிரச்சினை. திருத்துபவர்கள் அந்தச் சுருக்கங்களின் வாசனையை நன்றாகவே அறிந்தவர்கள்.

கவிதை: எப்படி ஆரம்பிப்பது

"கவிதை எனக்குப் புரியாது" என்று சொல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் ஒரு ரகசிய அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு மூன்று எளிய கேள்விகளோடு தொடங்கலாம். யார் யாரிடம் பேசுகிறார்கள்? எந்த இடத்தில் பேச்சு திரும்புகிறது? எந்தச் சொல் இங்கே எதிர்பார்க்காத சொல்?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஆங்கிலக் கவிதையைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. குறுந்தொகையில் கபிலரின் ஒரு பாட்டு, 25-ஆவது, ஐந்தே வரி. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவன் சொன்ன சொல்லை மாற்றினால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத் தாளைப் போன்ற சின்னப் பச்சைக் கால்களோடு ஒரு குருகு நின்றது. அவ்வளவுதான்.

இதைப் பற்றி ஒரு மாணவர் இப்படி எழுதலாம்: "கவிஞர் குருகின் காலுக்குத் தினைத்தாளை உவமையாகச் சொல்கிறார். இந்த உவமை காட்சியை நம் கண்முன் கொண்டுவருகிறது." இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எந்தக் கவிதையைப் பற்றியும் இதையே எழுதிவிடலாம். உவமை இருக்கிறது என்று கண்டுபிடித்ததோடு வேலை நின்றுவிட்டது.

இன்னொரு மாணவர் இப்படி எழுதுகிறார்: "யாரும் இல்லை என்று தொடங்கியவள் கடைசியில் ஒரு சாட்சியை நினைவுகூர்கிறாள். ஆனால் அந்தச் சாட்சியின் கவனம் முழுக்க மீன்மேல் இருக்கிறது. பார்த்திருந்தாலும் அதனால் பேச முடியாது. சாட்சி ஒன்று இருப்பதாகச் சொல்வதாலேயே அவளுடைய தனிமை இன்னும் கூடிவிடுகிறது. அந்தப் பறவையின் கால் நிறம் வரைக்கும் அவளுக்கு நினைவிருப்பது, அந்த நேரத்தில் அவள் கண் எங்கே நிலைத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. அசையாமல் நின்று இரைக்குக் காத்திருக்கும் குருகை அவள் அவனோடு சேர்த்தே நினைக்கிறாளோ என்று தோன்றுகிறது."

இந்த இரண்டு பத்திக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் ஏபி லிட். இரண்டாவது மாணவருக்கு முதல்வரைவிட ஒரு கலைச்சொல்கூட அதிகம் தெரிந்திருக்கவில்லை. அவர் அந்த விவரத்தைப் பிடித்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் பயிற்சியால் வரும். அதற்கு நிறைய நேரம் வேண்டும் என்பதுமில்லை.

வாரத்துக்கு மூன்று கவிதை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வரி முடிவில் நிறுத்தக்கூடாது, நிறுத்தற்குறி இருக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றிலேயே வாக்கியம் பிடிபட்டுவிடும். அப்புறம் ஐந்தாறு வாக்கியம் எழுதி வைக்க வேண்டும். எங்கே கிடைக்கும் என்றால், பொயட்ரி ஃபவுண்டேஷன் தளத்தில் ஆயிரக்கணக்கான கவிதைகள் இலவசம். பில்லி காலின்ஸ் அமெரிக்காவின் அரசவைக் கவிஞராக இருந்தபோது, பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதை என்று 180 கவிதைகளைத் தொகுத்து, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வழியாக 'பொயட்ரி 180' என்று வெளியிட்டார். பயந்த பிள்ளைகளுக்கு அதுதான் நல்ல வாசல், எல்லாம் இக்கால மொழி. ஆனால் அதோடு நின்றுவிடக்கூடாது. தேர்வில் சமகாலக் கவிதையும் வரும், சில நூற்றாண்டு பழையதும் வரும். ஜூலை பாதியில் எமிலி டிக்கின்சன், ஆகஸ்டில் ஜான் டன் என்று பின்னோக்கிப் போனால் பழைய ஆங்கிலத்தின் வாக்கிய முறுக்கு பழகிவிடும்.

கலைச்சொல் மனப்பாடம்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. உவமை, உருவகம், படிமம், முரண், குறியீடு, பேச்சின் தொனி, கதை சொல்பவரின் கோணம் என்று இருபது முப்பது சொற்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தெரியும். நூற்றைம்பது கிரேக்கச் சொற்களை ஃபிளாஷ் கார்டில் ஓட்டுவது வீண். யாப்பின் பெயரையோ, எதுகை அமைப்பின் வரிசையையோ, கவிதை வடிவத்தின் பெயரையோ அடையாளம் காட்டச் சொல்லித் தேர்வில் கேட்பதில்லை என்று காலேஜ் போர்டே தன் பாடத்திட்டக் கையேட்டில் எழுதியிருக்கிறது. மனப்பாடம் நமக்குக் கைவந்த கலை என்பதால் இந்த வழி நம் வீடுகளில் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

பின்னணி அறிவு வேண்டுமானால் வேறு இடத்தில் தேடலாம். பைபிளின் முக்கியக் கதைகளும் கிரேக்கப் புராணங்களும் மேற்கத்திய இலக்கியம் முழுக்க மறைகுறிப்பாக வந்துகொண்டே இருக்கும். ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், ஊதாரி மகன், இக்காரஸ், ஆர்ஃபியஸ் இதெல்லாம் கேட்டதே இல்லை என்கிற பிள்ளைக்கு, பயணத்தின்போது கேட்க ஒரு ஆடியோ புத்தகம் போதும். இதைப் படிப்பு என்று சொல்லாமல் கதையாகவே கொடுத்துவிடலாம்.

கோச்சிங், பிரெப் புத்தகம், பழைய கேள்விகள்

கோச்சிங் விஷயத்தில் ஆமாம், இல்லை என்று ஒரே பதில் சொல்ல முடியாது. இந்தப் பாடத்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான்: எழுதியதைப் படித்துப் பார்த்து, இந்த வாக்கியத்தில் நீ சொல்ல வந்தது இன்னும் வரவில்லை என்று சொல்லும் ஒரு ஆள். வகுப்பில் என்ன பாடம் நடத்துகிறார்கள் என்பதைவிட, கட்டுரையைத் திருத்திக் கொடுப்பார்களா, வாரம் எத்தனை, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபது பேர் உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கும் ஆன்லைன் வகுப்பு என்றால், அதே மாதிரி விளக்கம் காலேஜ் போர்டின் ஏபி டெய்லி வீடியோக்களில் சும்மாவே கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, டெம்ப்ளேட். சில பயிற்சி வகுப்புகளில் முதல் வாக்கியம் இப்படி, இரண்டாவது பத்தியில் சொல்லாட்சி, மூன்றாவதில் படிமம், நான்காவதில் வாக்கிய அமைப்பு என்று அச்சு வார்த்துக் கொடுத்துவிடுவார்கள். பயந்த பிள்ளைக்கு ஆரம்பத்தில் அது ஊன்றுகோல்தான். ஆனால் கட்டுரை முழுக்க அணிகளைத் தேடிப் பிடித்துப் பெயரிடுவதாக முடிந்துவிடும். மேலே பார்த்த முதல் மாணவரின் பத்தி மாதிரி.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் இது ஏன் ஆபத்து என்று தெரியும். 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளிகள். தெளிவான, வாதிடத்தக்க ஒரு தீசிஸுக்கு, அதாவது கட்டுரையின் மையக் கருத்துக்கு, 1. கேள்வியையே திருப்பிச் சொன்னால் அதுகூடக் கிடைக்காது. சான்றுக்கும் அதற்கான விளக்கத்துக்கும் 4. சிந்தனையின் நுட்பத்துக்கு 1. இது எளிதில் கிடைப்பதில்லை, இதைத் துரத்த வேண்டியதும் இல்லை. போர் முழுக்க நடுவில் உள்ள அந்த 4 புள்ளியில்தான். சான்று மட்டும் எடுத்து வைத்து விளக்கம் மெலிந்திருந்தால் அதில் பாதியோடு நின்றுவிடும்.

பழைய பிரெப் புத்தகத்தை யாராவது அன்போடு கொடுத்தால், உள்ளே 9 புள்ளி அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பழைய முறை. அதில் உள்ள கவிதைகளைப் படிக்கலாம், மதிப்பெண் விளக்கத்தை விட்டுவிடலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்று அதில் எழுதியிருந்தால் இன்னும் பழசு. 2011-லேயே அதை எடுத்துவிட்டார்கள். இதே மாதிரி, இந்தத் தேர்வில் பாதிப்பேருக்கு 5-க்கு 3-கூட வராது என்று பயமுறுத்தும் பேச்சும் பழைய கணக்கை வைத்துத்தான். 2021-இல் 3-ம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் பாதிக்கும் குறைவு, 2022-இல் முக்கால் பங்குக்கு மேல். ஒரே வருடத்தில் பிள்ளைகள் அப்படி மாறிவிடவில்லை, மதிப்பெண் எல்லையை நிர்ணயிக்கும் முறை மாறியது.

பழைய கேள்விகள் இலவசம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கட்டுரைக் கேள்விகள் ஆண்டுவாரியாகக் காலேஜ் போர்டு தளத்தில் இருக்கின்றன. அதைவிட மதிப்பு, கூடவே இருக்கும் மாணவர் கட்டுரை மாதிரிகளும் அவற்றுக்கு ஏன் அந்தப் புள்ளி என்ற விளக்கமும். கோடையில் நேரம் வைத்து முழுத் தேர்வு எழுதிப் பார்ப்பது வேண்டாம், அதற்கு ஏப்ரல் இருக்கிறது. இப்போது செய்ய வேண்டியது வேறு. ஒரு கவிதைக் கேள்வியை எடுத்து, ஒரே ஒரு பத்தி எழுதட்டும். பிறகு மாதிரிக் கட்டுரைகளில் உயர்ந்த புள்ளி வாங்கியதையும் நடுத்தரப் புள்ளி வாங்கியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். தன்னுடையது எதன் பக்கம் சாய்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் அதே பத்தியைத் திருத்தி எழுத வேண்டும். இந்தத் திருத்தி எழுதுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஏஐ அரட்டைக் கருவிகளை இங்கே பயன்படுத்தலாமா என்றால், வரிசையைப் பொறுத்தது. பத்தியை எழுதி முடித்துவிட்டு, என் வாதத்தில் எங்கே ஓட்டை என்று கேட்பது வீட்டில் திருத்த ஆள் இல்லாதவர்களுக்கு உதவும். கவிதையைப் படிப்பதற்கு முன்பே இதன் பொருள் என்ன என்று கேட்டுவிட்டால், எந்தத் திறனுக்காகக் கோடை முழுக்க உட்காருகிறோமோ அதையே வேறு யாரிடமோ கொடுத்துவிட்டதாகிவிடும்.

ஒரு நடைமுறை விஷயம். 2025 மே மாதத்திலிருந்து இந்தத் தேர்வு முழுக்கக் கணினியில், புளூபுக் செயலியில். கவிதையைத் திரையில்தான் படிக்க வேண்டும், கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேண்டும். கோடையில் காகிதத்தில் பென்சிலால் கோடிட்டுப் படிப்பது இன்னமும் சிறந்த பழக்கம்தான். ஆனால் இடையிடையே ஒரு கவிதையைத் திரையில் மட்டும் வைத்துப் படித்துப் பழகுவதும் வேண்டும். தாளில் தெரிகிற வரி அமைப்பு திரையில் சிலருக்குக் கண்ணில் படுவதே இல்லை.

எந்தப் பிள்ளைக்கு எது

மேலே சொன்னது பொதுக் கணக்கு. ஆளைப் பார்த்து மாற்ற வேண்டும்.

வாரம் ஒரு தடித்த ஃபேன்டஸி நாவலை விழுங்கும் பிள்ளைக்கு இன்னும் நாவல் கொடுப்பதால் எதுவும் கூடாது. வாசிப்பு வேகம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வேகத்தைக் குறைப்பதுதான் பாடம். கவிதையும் எழுதும் பத்தியும் மட்டும் போதும். இவர்களில் பலர் பேசினால் அபாரமாகப் பேசுவார்கள், எழுதினால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

ரோபோடிக்ஸ், நீச்சல், கணக்கு என்று ஓடிக்கொண்டிருந்து, வகுப்பில் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் படித்திராத பிள்ளைக்கு 400 பக்க நாவலைக் கையில் திணித்தால் ஜூலை நாலாம் தேதிக்குள் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். இவர்களுக்குச் சிறுகதை. மல்டிபிள் சாய்ஸில் சிறு புனைகதைக்குரிய பங்கு 42 முதல் 49 சதவீதம், முழு நாவல், நாடகத்துக்கு 15 முதல் 18 சதவீதம்தான். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம் என்பதால் இரண்டாம் முறை படிக்கச் சொன்னாலும் கோபம் வராது. மூன்று வாரம் சிறுகதை, அப்புறம் ஒரு நாடகம், அப்புறம் வேண்டுமானால் நாவல்.

ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் தங்களைத் தாங்களே குறைத்து மதிப்பிடுகிறார்கள். பழைய ஆங்கிலச் சொற்களில் இடறுவது உண்மைதான். அதற்கு, ஆடியோவைக் கேட்டுக்கொண்டே எழுத்தைப் பார்த்துப் படிப்பது நல்ல மருந்து. லிப்ரிவாக்ஸில் காப்புரிமை தீர்ந்த நூல்களின் ஒலிப்பதிவுகளும், புராஜெக்ட் குட்டன்பர்கில் அவற்றின் உரையும் இலவசம். ஆனால் பேசுபவர் யார், கேட்பவர் யார், பின்னணியில் நிற்கும் மரமும் பறவையும் என்ன வேலை செய்கின்றன என்று சங்கப் பாட்டுக்கு விளக்கம் எழுதிய கை அது. திறன் ஒன்றுதான், மொழிதான் வேறு.

விண்ணப்பக் கட்டுரை, இன்டர்ன்ஷிப், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு என்று உண்மையாகவே நேரமில்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வாரம் மூன்று கவிதையை மட்டும் விட்டுவைக்கலாம். ஒன்றுக்கு அரை மணி நேரம். நாவலைப் பள்ளி ஆண்டில் எப்படியும் வகுப்பில் படிப்பார்கள்.

கடைசியாக, பள்ளி கொடுக்கும் சம்மர் ரீடிங். இதை ஜூன் முதல் வாரமே முடித்துப் பெருமூச்சு விடுகிற பிள்ளைகள் நிறைய. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்தில் அதை வைத்தே ஒரு குவிஸோ வகுப்பறைக் கட்டுரையோ வைக்கும் ஆசிரியர்கள் அதிகம். அதற்குள் ஜூனில் படித்தது மங்கிப் போயிருக்கும். பெரிய புத்தகமாக இருந்தால் ஜூனில் ஒருமுறை வேகமாகப் படித்துவிட்டு, பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போது குறிப்பெடுத்துக்கொண்டு இன்னொரு முறை படிக்கலாம். சின்னதாக இருந்தால் முழுசாகவே அந்த மூன்று வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம். குறிப்பேட்டைச் சமர்ப்பிக்கச் சொல்லியிருந்தால் அதன் கடைசித் தேதியையும் வடிவத்தையும் மட்டும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; சில பள்ளிகளில் அது பள்ளி திறப்பதற்கு முன்பே வந்துவிடும்.